தூசி நகராது

தூசி என்றால் நகரக் கூடாது. லென்ஸில் ஒட்டிய தூசி லென்ஸோடு கிடக்கும், எதிரே இருக்கிற கண் கிழக்கே திரும்பினால் என்ன, மேற்கே திரும்பினால் என்ன, அது பாட்டுக்கு அதே இடத்தில் இருக்கும். இது நகர்ந்துவிட்டது. "சக்தி, இப்போ அடுத்த பச்சைப் புள்ளியப் பாரு" என்று சபூரா சொன்னாள், கருவியின் மறுபக்கம் தாங்கியில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்த பிரம்மசக்தி வலது கண்ணை ஒரு நூல் அளவுக்குத் திருப்பினாள், திரையில் இருந்த கறுப்புத் திட்டும் அந்தக் கண்ணோடு கூடவே திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணி. கதவுக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். ஏசி ஒரே சீராக இரைகிறது. சபூராவின் வலது கை கம்ப்யூட்டர் மவுஸ் மேல் இருக்கிறது, ஆனால் அந்தக் கை தன்னுடையது இல்லை என்பது போல இருந்தது, எங்கேயோ தூரத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை. நகர்ந்துவிட்டது. நான் சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "பழைய புள்ளிக்கு வா புள்ள" என்றாள். திட்டு பழைய இடத்துக்கு வந்தது. "அடுத்தது." போனது. நாய்க்குட்டி போல கூடவே போய் கூடவே வருகிறது. "என்னக்கா, வெளாடுதீங்களா?" என்று சக்தி சிரித்தாள். தாடை தாங்கியில் இருந்ததால் அந்தச் சிரிப்பு பல்லுக்குள்ளேயே நின்றது.

நாற்பது வினாடிக்கு முன்னால் சபூரா சந்தோஷமாக இருந்தாள். இதை நினைத்தபோது அந்த நாற்பது வினாடி வேறு யாருக்கோ நடந்தது மாதிரிப் பட்டது. மூன்று வருஷம். இந்தக் கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் இந்த ஒரு கருவிக்காக அவளை வேலைக்கு எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்லுவாள்: கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பது ஓடுகிற தண்ணிக்கு அடியில் கிடக்கிற கல்லைப் பார்க்கிற மாதிரி, கல் தெளிவாகத்தான் இருக்கிறது, மேலே தண்ணி நெளிகிறது, எல்லார் கண்ணும் அப்படித்தான் கொஞ்சம் நெளிந்திருக்கும். அந்த நெளிவை ஒரு உணரி அளக்கும். கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு கண்ணாடி, அதன் முதுகில் தொண்ணூற்றேழு ஊசி, தண்ணி எப்படி நெளிகிறதோ அதற்கு நேர் எதிராக அந்த ஊசிகள் கண்ணாடியை நெளிக்கும், ஒரு வினாடியில் சில நூறு தடவை. இரண்டு நெளிவும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டால் விழித்திரை தெரியும், அதில் ஒளியை வாங்குகிற கூம்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். தெரிய வேண்டும். தெரியவில்லை. மூன்று வருஷமாக மழை நேரத்துப் பஸ் ஜன்னல் மாதிரி ஒரு மங்கல். இந்த வாரம்தான் கண்டுபிடித்தாள், உணரியும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை தள்ளி நின்றன, ஊசி ஒரு இடத்தைத் திருத்த உணரி பக்கத்து இடத்தை அளந்துகொண்டிருந்தது. புதன் முழுக்க, வியாழன் முழுக்க உட்கார்ந்து சரி செய்தாள். இன்றைக்கு சக்தியை உட்கார வைத்து, விசையைத் தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் மங்கல் அப்படியே உருகி, ஜவ்வரிசியைத் தட்டில் பரப்பினாற்போல ஒவ்வொரு கூம்பும் தனித்தனியாக, வெள்ளை வெள்ளையாக, அல்லாவே, ஒவ்வொன்றாக. "சக்தி, வந்துட்டு! வந்துட்டு புள்ள!" என்று கத்தினாள். சக்தி ஆடாமல் அசையாமல் "வாழ்த்துக்கள்க்கா, இமைச்சிக்கிடட்டுமா?" என்றாள். அப்புறம்தான் அந்தத் தூசியையும் ஒழித்துவிடலாம் என்று தோன்றியது. எல்லாம் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது அது மட்டும் ஏன்.

அந்தத் தூசியை அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியும். ஜூலையில் முதன்முதலாக சக்தியின் கண்ணைப் படம் எடுத்தபோதே இருந்தது, நடுவிலிருந்து மூன்று டிகிரி தள்ளி, ஓரத்தில், விரல் பட்ட மாதிரி ஒரு மங்கல் கறை. மங்கலுக்குள் இன்னொரு மங்கல். லென்ஸைத் துடைத்தாள், போகவில்லை. உள்ளே எங்கேயோ ஒட்டியிருக்கிறது, கருவியைப் பிரித்தால் திரும்பச் சேர்க்க ஒரு மாதம் ஆகும் என்று விட்டாள். எப்போதும் ஒரே கண், சக்தியின் வலது கண். சபூராவின் கண் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கண், அதை வைத்துக் கருவியைப் பழக்க முடியாது. சக்திக்கு அகலமான கண்பாப்பா, ஆடாத பார்வை, சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கும். எப்போதும் ஒரே புள்ளி. அதுதான், அந்த ஒரே புள்ளிதான். எட்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை "கொஞ்சம் அங்கிட்டுப் பாரு" என்று சொல்லியிருந்தால் போதும். காலேஜில் முதல் வருஷப் பிள்ளை செய்கிற சோதனை. ஏன் செய்யவில்லை? மங்கலே போகாதபோது கறைக்கு என்ன அவசரம் என்று. அதற்குப் பதில் பத்து வரி நிரல் எழுதினாள், கறை இருக்கிற இடத்தில் சுற்றி இருப்பதை எடுத்து நிரப்பிவிடும். நன்றாக நிரப்பியது. அவளுக்கு நிரப்பத் தெரியும். ஆறாவது படிக்கும்போது கரும்பலகை தெரியவில்லை என்று வீட்டில் சொல்லப் பயந்து, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து, அதுவும் தெரியாத இடத்தில் தானாக ஒரு எண்ணைப் போட்டு, ஒரு வருஷம் முழுக்க அப்படியே ஓட்டினவள். டீச்சர் கூட நல்ல கையெழுத்து என்றார். நிரப்பின படத்தை நவம்பரில் கருத்தரங்குக்கு அனுப்பினாள். பெரிதாக அச்சடித்து வெளியே வராந்தாவில் மாட்டியிருக்கிறார்கள், கீழே 'ஆரோக்கியமான கண்' என்று போட்டிருக்கிறது. சக்தி அதன் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள், இது என் கண்ணும்மா என்று.

"அக்கா, ஏன் பேச்சையே காணோம்?" "ஒண்ணுமில்ல. மேல இருக்க புள்ளியப் பாரு." சக்தி மேலே பார்த்தாள். திரையில் ஜவ்வரிசி முழுசாக வந்தது, ஓட்டை இல்லை, சபூராவுக்கு மூச்சு திரும்பியது, அந்த ஒரு இடம்தான் போல, பிறவியிலேயே சிலருக்கு அப்படி இருக்கும். "இப்ப கீழ." கீழே பார்த்தாள். ஓட்டை. வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்து சட்டென்று நின்று, கறுப்பு, திரும்ப அந்தப் பக்கம் வெள்ளை. ஓரம் அவ்வளவு கூர்மையாக இருந்தது. எந்தக் கூர்மைக்காக மூன்று வருஷம் தவம் கிடந்தாளோ அதே கூர்மை. எந்தக் கூம்பு இருக்கிறது, எது இல்லை என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். கீழே இடது. ஓட்டை. கீழே வலது. ஓட்டை. நடு. "நடுவுல பாரு சக்தி, நேரா." நடுவில் கூம்புகள் பொடியாக, நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஆனால் இருந்தன, எல்லாம் இருந்தன. நடுவை விட்டுவிட்டு அதற்குக் கீழே அரை வட்டமாக, பிறை மாதிரி, எதுவோ தின்றிருக்கிறது. எது தின்னும் நடுவை விட்டுவிட்டு? எங்கேயோ படித்திருக்கிறாள். படித்ததில்லை, கேட்டது. இரண்டாவது மாடியில் விழித்திரை டாக்டர் ஜெபக்கனி ஒரு வகுப்பு எடுத்தார், சபூரா பின்வரிசையில் உட்கார்ந்து தன் கருவியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள், காதில் பாதிதான் விழுந்தது. பக்கத்தில் சக்தி குறிப்பு எடுத்தாள். சக்திக்குத் தெரிந்திருக்கும். சக்தியின் வேலையே அதுதான், ஊர் ஊராக முகாமில் எடுத்து அனுப்புகிற கண் படங்களைப் பார்த்து இவருக்கு சர்க்கரை தாக்கியிருக்கிறது, இவரை உடனே வரச் சொல்லு என்று பிரிப்பது, ஒரு நாளைக்கு நூற்றிருபது படம். கண்ணை வைத்துத்தான் சோறு. இவளிடமே கேட்கலாமா, சக்தி, நடுவை விட்டுட்டு சுத்தி அரிக்கிறது எது புள்ள என்று. கேட்க வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஜெபக்கனி ஒரு மாத்திரையைக் காட்டினார். ஆமாம், அட்டையைத் தூக்கிக் காட்டினார், மூட்டு வாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரை, நல்ல மாத்திரைதான், ஆனால் வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் கண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அந்த அட்டையை அவள் கையில் வாங்கியிருக்கிறாள். போன மாதம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில், சக்தி கொடுத்த பழைய அட்டையைக் காட்டி "இதே ரெண்டு அட்டை குடுங்க" என்று கேட்டு வாங்கி, கைப்பையில் வைத்து, மறுநாள் கொடுத்து, "அக்கான்னா அக்காதான்" என்று பேரும் வாங்கினாள். சக்திக்கு இருபது வயதிலேயே விரல் மூட்டெல்லாம் வீங்கும், இப்போது இருபத்தொன்பது. ஒன்பது வருஷம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. காலையில் மறந்தால் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடினதும் போட்டுக்கொள்வாள், இன்றைக்குக் கூட இந்த அறையில் வைத்துத்தான் போட்டாள், தண்ணி பாட்டிலை சபூராதான் எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சக்தி ஐம்பத்தைந்து கிலோ. இப்போது முப்பத்தெட்டு. ஆள் பாதியாகிவிட்டாள், மாத்திரை பாதியாகவில்லை. ஒரு தடவை சபூரா கேட்டிருக்கிறாள், கேட்காமல் இல்லை, "நீ கண்ணச் சோதிச்சிக்கிடுதியா?" என்று. "போன வருஷம் போட்டோ எடுத்தேங்கா, சுத்தமா இருக்கு. மத்த டெஸ்டுக்கெல்லாம் வெளிய அத்தன பேரு வரிசையில நிக்காங்க, நான் போய் நடுவுல உக்காரவா?" சாதாரண போட்டோவில் இது தெரியாது. நிறையப் போன பிறகுதான் தெரியும். தெரிந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று, இந்தத் திரை, அதில் சபூரா எட்டு மாதம் பூசி மெழுகினாள். இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைக்காதே. ஜூலையில் ஆராய்ச்சிப் படிவம். ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறாரா? சக்தி கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள், படிவம் அன்றைக்கே போக வேண்டும், சபூராவே நிரப்பினாள். இல்லை. அந்த 'இல்லை'யை எழுதின பேனா கூட நினைவு வருகிறது, நீலம், மூடி இல்லாதது.

இடது கண். அவளுக்குத் திடீரென்று இடது கண் ஞாபகம் வந்தது, இருட்டில் தடவிக்கொண்டு போகிறவள் கைக்குக் கதவுப்பிடி அகப்பட்ட மாதிரி. இடது கண்ணை யாருமே பார்த்ததில்லை, தாங்கி வலது கண்ணுக்குத்தான் வைத்திருக்கிறது. மாத்திரை என்றால் இரண்டு கண்ணிலும் ஒன்று போல இருக்கும். வலதில் மட்டும் இருந்தால் அது மாத்திரை இல்லை, வேறு என்னவோ, பேர் தெரியாத, நிறுத்த முடியாத என்னவோ. மாத்திரையை நிறுத்தலாம். இன்றைக்கே நிறுத்தலாம். நிறுத்தினால் நடு தப்பும், எழுத்தும் முகமும் பார்க்கிற நடு. அப்படியானால் இடது கண்ணிலும் இருக்க வேண்டும். இருக்கட்டும். யா அல்லா, அதுலயும் இருக்கட்டும். இதை அவள் வார்த்தையாகவே நினைத்தாள். நினைத்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. எதிரே தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டு கண்ணுக்கும் மருந்து ஊற்றிப் பாப்பா விரிந்த கண்ணில் தண்ணி வழிய, சொன்ன புள்ளியைச் சொன்னபடி பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய இன்னொரு கண்ணும் கெட்டிருக்க வேண்டும் என்று அவளுக்காகவே துஆ கேட்கிறேன். அவளுக்காகவா? எனக்காகவா? மாத்திரை என்றால் டாக்டர் மேல் பழி, மெடிக்கல்காரன் மேல் பழி, எட்டு மாதம் என்பது அதில் கரைந்துவிடும். இல்லை, கரையாது, மாத்திரை என்றால்தான் எட்டு மாதம் கணக்கில் வரும், ஜூலையிலேயே நிறுத்தியிருக்கலாமே என்று. வேறு நோய் என்றால் சபூரா தப்பித்துவிடுவாள், சக்தி தப்பிக்க மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் மனசு போய் இதே இடத்தில் முட்டியது, முட்டி, திரும்பி, மறுபடி முட்டியது. ஏசி தண்ணி வாளியில் சொட்டியது. நாலாவது சொட்டுக்குச் சொல்லிவிடலாம். ஐந்தாவதுக்கு.

"சக்தி, தாங்கிய மாத்துதேன். இடது கண்ணும் ஒண்ணு எடுத்துருவோம்." சக்தி தாடையை எடுத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "இடதா? எட்டு மாசமா இல்லாத வழக்கம்." "சும்மாதான். நல்லா வந்திருக்குல்ல, ரெண்டும் இருக்கட்டும்னு." தன் குரல் தனக்கே சகிக்கவில்லை. சக்தி அவள் முகத்தையே பார்த்தாள். தினமும் நூற்றிருபது படம் பார்க்கிறவள், படத்தைப் பார்த்துவிட்டு அதை நோயாளிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சின்ன டாக்டர்கள் முழிப்பதையும் தினமும் பார்க்கிறவள். "திரையத் திருப்புங்கக்கா" என்றாள். "அது இன்னும்..." "திருப்புங்க." சபூரா திருப்பினாள். விரிந்த கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது, அதனால் சக்தி எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு எட்டு பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முதலில் வாயைத் திறந்து "அம்மாடி, எவ்வளவு தெளிவா" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், ஒரு நொடி. அப்புறம் அவள் பார்வை ஓரத்துக்குப் போனது. சபூரா அந்த முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த வயரைப் பார்த்தாள். "இது அந்தத் தூசிதான?" என்றாள் சக்தி. பிறகு, "இல்ல." அவள் ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள், எடுத்தாள், மறுபடி பொத்தினாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா. எல்லாம் நல்லாத்தான தெரியுது." மூளை நிரப்பிவிடும். அதுவும் பத்து வரியில் நிரப்புகிற மாதிரிதான். சபூரா இதைச் சொல்லவில்லை.

"எப்பலருந்து?" என்று சக்தி கேட்டாள். இன்றைக்குத்தான் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை, படம் தெளிவானதே இன்றைக்குத்தான், அது பொய்யும் இல்லை, முழுப் பொய் இல்லை. சபூராவின் நாக்கு அந்த வார்த்தைக்காக மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டும் விட்டது. "ஜூலையிலருந்து" என்றாள். "மொதல் நாள் படத்துலயே இருந்துது. நான் தூசின்னு நெனச்சேன். நெரப்பிட்டேன். ஒன்னக் கண்ணத் திருப்பச் சொல்லிப் பாத்திருக்கணும், பாக்கல. படிவத்துல மருந்து இல்லன்னு எழுதினதும் நாந்தான்." சக்தி அவளைப் பார்த்தாள். பாப்பா முழுசாக விரிந்து கண் இரண்டும் கறுப்பாக, எதுவும் எழுதாத கறுப்பாக இருந்தது, அதில் கோபமா, பயமா, ஒன்றும் படிக்க முடியவில்லை. "எட்டு மாசம்" என்றாள். "ஒரு நாளைக்கு ரெண்டு." பெருக்கிப் பார்க்கிறாள் போல உதடு அசைந்தது, பாதியில் விட்டுவிட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். நாற்காலியை இழுத்துத் தாடையைத் தாங்கியில் வைத்தாள். "எடுங்க."

தாங்கியை நகர்த்தித் திருகுகிறபோது சபூராவின் விரல் இரண்டு தடவை நழுவியது. சக்தி உதவவில்லை. மற்ற நாள் என்றால் தானே திருகியிருப்பாள். பச்சைப் புள்ளி. விசை. ஒன்று, இரண்டு, மங்கல், மங்கல், மூன்று, உருகியது. நடு முதலில். இருந்தது. "கீழ பாரு." கண் கீழே போனது, வெள்ளை, வெள்ளை, வெள்ளை, இன்னும் வெள்ளைதான், இல்லையா, இதில் இல்லையா, அப்போ மற்றதா, "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள், ஓட்டை வந்தது. வலதை விடச் சின்னது, ஆனால் அதே பிறை, கண்ணாடியில் திருப்பிப் பார்த்த மாதிரி. "இருக்கு!" என்றாள். "இதுலயும் இருக்கு சக்தி!" அந்தச் சொல்லில் இருந்த சந்தோஷம் அறைக்குள் விழுந்து அப்படியே கிடந்தது. இருவருக்கும் கேட்டது. சக்தி தாடையை எடுக்காமலே, "அப்போ மாத்திரைதான்" என்றாள். "ஆமா." "நடு?" "நடு ரெண்டுலயும் முழுசா இருக்கு." "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நெரப்பாம." சபூரா பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு வரிசையாக, ஒரு கூம்பு விடாமல் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "முழுசா இருக்கு" என்றாள்.

சக்திதான் போன் போட்டாள், டாக்டர் ஜெபக்கனிக்கு, கிட்டத்து எழுத்து தெரியாததால் சபூராவிடம் நீட்டி எண்ணைத் தட்டச் சொல்லி. ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் முதலில் அவசரமாக வந்தது, அப்புறம் நின்று, மெதுவாக வந்தது. எத்தனை வருஷம், எத்தனை மில்லிகிராம், எடை என்ன. எடையைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இன்னைக்கு ராத்திரியிலருந்து போடாத. மூட்டு டாக்டர்ட்ட நான் பேசுதேன், வேற மருந்து இருக்கு. போனது போனதுதான்மா, அத நான் ஒளிக்க மாட்டேன். நிறுத்தின பெறகும் கொஞ்ச நாளைக்கு இன்னும் கொஞ்சம் போகலாம். ஆனா நடு நிக்குது பாரு, அத நிப்பாட்டிக் காட்டுதேன். மேல வா, இப்பவே மத்த டெஸ்ட் எடுத்துருவோம். யாரு கண்டுபிடிச்சா?" சக்தி பதில் சொல்ல வாயெடுத்து, சபூராவைப் பார்த்து, "சபூராக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்தாள். சபூராவுக்கு அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை, இனி எத்தனை நாள் ஆனாலும் தெரியப் போவதில்லை என்று தோன்றியது.

கதவைத் திறந்ததும் வராந்தா வெயில் முழுசாக உள்ளே விழுந்தது, மருந்து போட்ட கண்ணுக்கு அது தாங்காது, சக்தி "ஸ்" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். சபூரா ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். "சக்தி, நான் ஒங்கிட்ட எப்படி..." என்று ஆரம்பித்தாள். சக்தி கையை உதறிக்கொண்டாள். கண்ணை இறுக மூடியபடி, சுவரைத் தடவித் தடவி நாலு அடி போனாள். மாடிப்படி வந்துவிட்டது. முதல் படியைக் காலால் தேடினாள், அகப்படவில்லை. நின்றாள். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

"நீங்க எங்கிட்ட இப்போ ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். "கூட மட்டும் வாங்க."